ஹோண்டுரஸ்காரரும் கொலம்பியாக்காரரும், குமுளியிலிருந்து பார்த்தால்

போன ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனிலிருந்து அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். அவன் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குக் கூரை மாற்றுகிறார்களாம், போனைத் திருப்பிக் காட்டினான். ஆறு பேர். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, தொப்பிக்கு மேலே ஒரு துண்டு. ஒருவர் சரிவில் மண்டி போட்டபடியே நகர்ந்து, பழைய தகடுகளைத் தட்டையான மண்வெட்டி மாதிரி ஒன்றால் நெம்பி நெம்பிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கை நெம்பும்போது இன்னொரு கை கூரையை விட்டு எழும்பவே இல்லை, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹோண்டுரஸ் ஆளுங்க மாமா. என் பல் டாக்டரம்மா கொலம்பியா. ரெண்டு பேருக்கும் ஸ்பானிஷ்தான் பாஷை, ரெண்டு பேரும் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவங்கதான். ஒருத்தங்க மேல போயிட்டாங்க, இன்னொருத்தங்க அப்படியே இருக்காங்க. படிப்புல அக்கறை இல்ல போல" என்றான்.

நல்ல பையன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேறு பாஷையில் வேறு ஆட்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு லயத்தில், அதாவது எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, மலையாளம் பேசுகிற வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரும் அதைக் கேட்டிருப்போம். பாண்டிக்கு, அதாவது தமிழனுக்கு, படிப்பு ஏறாது என்று. அதனால் அவனுக்குப் போனில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, இங்கே எழுதுகிறேன். குமுளியில் 19 வருஷமாக ஜெராக்ஸும் ஆன்லைன் மனுவும் போட்டுக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை அடுத்தவர் காகிதங்களைத்தான் பார்க்கிறேன். யார் மேலே போகிறார், யார் அப்படியே நிற்கிறார் என்பதில் காகிதத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில், அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை ஒளிக்கக் கூடாது. அமெரிக்காவில் 2021 கணக்குப்படி கொலம்பிய வம்சாவளியினர் சுமார் 14 லட்சம், ஹோண்டுரஸ் வம்சாவளியினர் சுமார் 11 லட்சம். எண்ணிக்கையில் பெரிய தூரம் இல்லை. ஆனால் 25 வயது தாண்டிய கொலம்பியரில் மூன்று பேருக்கு ஒருவராவது பட்டதாரி, ஹோண்டுரஸ்காரரில் பத்துக்கு ஒருவர் என்கிற அளவைத் தாண்டி அதிகம் போகாது. 2010களில் எடுத்த கணக்குகளில் ஹோண்டுரஸ்காரரில் நாலில் ஒருவர் ஏழ்மைக் கோட்டுக்குக் கீழே, கொலம்பியரில் ஆறேழு பேருக்கு ஒருவர். குடும்ப வருமானம், சொந்த வீடு, குடியுரிமை, எதை எடுத்தாலும் கொலம்பியர் ஒரு படி மேலேதான் நிற்கிறார்கள். கட்டட வேலை, கூரை வேலை, துப்புரவு, சமையற்கட்டு, இங்கே ஹோண்டுரஸ் ஆண்களும் பெண்களும் நிறைய. ஆபீஸ், ஆஸ்பத்திரி, வங்கி, சொந்தத் தொழில், இந்தப் பக்கம் கொலம்பியர் கூடுதல்.

சரி, ஏன் அப்படி?

ஏலக்காய் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஸ்டோரில் காயை உலர்த்தி எடுத்த பிறகு சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள், 8 எம்.எம். காய் தனியாக நிற்கும், சின்னது கீழே விழும். அந்த எட்டை மட்டும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு தோட்டத்துச் சலிக்காத காயை இன்னொரு தட்டில் கொட்டி, பார்த்தாயா இந்தத் தோட்டத்து மண் எவ்வளவு ஒசத்தி என்று யாராவது சொன்னால் புத்தடி ஏலக்காய்ச் சந்தையில் உட்கார்ந்திருக்கிற எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். கொலம்பியர்கள் பெரும்பாலும் சலிக்கப்பட்டு வந்தவர்கள். சலித்தது விமானமும் விசாவும்.

1948 ஏப்ரல் 9 அன்று பொகோட்டாவில் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் என்ற தலைவரை நடுரோட்டில் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து பத்து வருஷம் அந்த நாட்டில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட காலத்துக்கு 'வன்முறை' என்பதுதான் பேரே. அப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் கிளம்பினார்கள், 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய காலத்தை ஒட்டி நியூயார்க்கின் குயின்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் ஒரு கொலம்பியப் பேட்டையே உருவாகிவிட்டது. பிறகு 1990களின் கடைசியில் பெரிய அலை. கெரில்லாக்கள் ஒரு பக்கம், துணைப்படைகள் இன்னொரு பக்கம், போதைப்பொருள் பணம், பணயத்துக்கு ஆள் கடத்துவது, இதெல்லாம் போதாதென்று 1999இல் நாட்டின் பொருளாதாரம் ஒரே வருஷத்தில் 4 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. கடை வைத்திருந்தவர், என்ஜினியர், டாக்டர், கணக்காளர், இவர்கள்தான் அன்றைக்குக் கடத்தப்படப் பயந்தவர்கள். வீட்டை விற்று மயாமிக்கு டிக்கெட் எடுத்தார்கள். சுற்றுலா விசா வாங்க வேண்டுமென்றால் தூதரகத்தில் பேங்க் பாஸ்புக், வேலைச் சான்று, சொத்துப் பத்திரம் எல்லாம் காட்ட வேண்டும். காட்ட முடிந்தவர் விமானம் ஏறினார். முடியாதவர் உள்நாட்டிலேயே ஊர் விட்டு ஊர் ஓடினார். கொலம்பியாவில் அப்படி ஓடியவர்கள் பல லட்சம் பேர், அமெரிக்கக் கணக்கெடுப்பில் அவர்கள் வரவே மாட்டார்கள். அந்த டாக்டர்களில் பலர் மயாமியில் கார் ஓட்டினார்கள், அலுவலகம் கூட்டினார்கள் என்பதும் உண்மைதான், அவர்கள் பட்டம் அங்கே உடனே செல்லவில்லை. ஆனால் கார் ஓட்டுகிற டாக்டரின் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, பரிட்சை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறது. அது சும்மா வந்த அக்கறை இல்லை.

ஹோண்டுரஸ் கதை வாழைத்தோட்டத்தில் தொடங்குகிறது, அதனாலேயே எனக்கு அது நெருக்கம். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே அமெரிக்கக் கம்பெனிகள் வடக்குக் கடற்கரையில் லா சைபா, தேலா பக்கமெல்லாம் நிலத்தை வளைத்து வாழை போட்டன, ரயில் போட்டன, துறைமுகம் கட்டின. கூலிக்காரர்கள் கம்பெனி வீட்டில் இருந்தார்கள், கம்பெனி கடையில் வாங்கினார்கள். படிக்கும்போது லயம்தான் கண்ணில் வந்தது. வாழைக் கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்வந்தன, அந்தக் கப்பல் வழியிலேயே முதல் ஹோண்டுரஸ்காரர்கள் அங்கே குடியேறினார்கள், அதனால்தான் இன்றைக்கும் நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் வேர் ஆழமாக இருக்கிறது. 1954இல் வாழைத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த நாட்டுத் தொழிற்சங்கச் சட்டங்களே அதிலிருந்துதான் பிறந்தன. ஆனால் நிலம் கைக்கு வரவில்லை.

பெரிய ஓட்டம் 1998க்குப் பிறகு. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் வந்து நாட்கணக்கில் நகராமல் நின்று கொட்டியது. மலைச்சரிவுகள் இறங்கின, பாலங்கள் போயின, வாழை முழுக்கச் சாய்ந்தது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதற்கப்புறம் 2009இல் ஆட்சிக் கவிழ்ப்பு. 2011, 2012 வாக்கில் உலகத்திலேயே கொலை விகிதம் அதிகமான நாடு என்ற பேர். 2018 அக்டோபரில் சான் பெத்ரோ சூலா பேருந்து நிலையத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பி நடந்தார்களே, டிவியில் எல்லாம் காட்டினார்கள். 2020 நவம்பரில் ஏட்டா, அயோட்டா என்று இரண்டு வார இடைவெளியில் இரண்டு புயல்கள், அதே பள்ளத்தாக்கு. இவர்களிடம் பாஸ்புக் யாரும் கேட்கவில்லை. கேட்டால் தூதரக வாசலிலேயே நின்றிருப்பார்கள். குவாத்தமாலா, மெக்ஸிகோ தாண்டி நடந்தும், பஸ்ஸிலும், சரக்கு ரயில் மேலே உட்கார்ந்தும் வந்தார்கள். இந்தச் சல்லடை கால் பலத்தையும் தைரியத்தையும்தான் சலித்தது, டிகிரியைச் சலிக்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னது வருவதற்கு முந்தின கதை. வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. என் மருமகனுக்கு இது சுத்தமாகத் தெரியவில்லை, இத்தனைக்கும் அவனே விசாவில் இருக்கிறவன்.

அமெரிக்கச் சட்டத்தில் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தாய் என்பது கடைசி வரை கூட வருகிறது. விமானத்தில் வந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கி, கெடு முடிந்தும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட ஒருவர், பிற்பாடு ஒரு அமெரிக்கக் குடிமகளைக் கல்யாணம் செய்தால், அல்லது அங்கே பிறந்த பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெரும்பாலும் நாட்டை விட்டு வெளியே போகாமலே கிரீன் கார்டுக்கு மனு போடலாம். ஆற்றைக் கடந்து முத்திரை இல்லாமல் வந்தவருக்கு அதே கல்யாணம், அதே பிள்ளை இருந்தாலும் அந்த வழி அடைப்பு. வெளியே போய்த்தான் விசா கேட்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அனுமதியில்லாமல் இருந்தவர் வெளியே கால் வைத்ததும் 10 வருஷம் திரும்ப வரத் தடை, 1996இல் போட்ட சட்டம். இரண்டு பேரும் அனுமதி இல்லாமல் இருந்தவர்கள்தான். ஒருவருக்கு முத்திரை இருந்தது, இன்னொருவருக்கு இல்லை, அவ்வளவுதான். கொலம்பியரில் முதல் வகை நிறைய, ஹோண்டுரஸில் இரண்டாம் வகை நிறைய. தவிர 2000ஐ ஒட்டிய வருஷங்களில் அகதித் தஞ்சம் கேட்டுக் கிடைத்தவர்களில் கொலம்பியர் முன்வரிசையில் இருந்தார்கள். கிரீன் கார்டு வந்தால் லோன் வரும், லைசன்ஸ் வரும், வேலை மாற முடியும், அஞ்சு வருஷத்தில் ஓட்டு வரும். கொலம்பியாவின் 1991 அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்துவிட்டதால் பழைய பாஸ்போர்ட்டை இழக்கிற பயமும் இல்லாமல் போனது.

ஹோண்டுரஸ்காரர்களுக்கு மிட்ச் புயலை முன்னிட்டு 1999 ஜனவரியில் தற்காலிகப் பாதுகாப்பு என்று ஒன்று கொடுத்தார்கள், டி.பி.எஸ். என்பார்கள். நாடு கடத்த மாட்டோம், வேலை செய்யலாம், அவ்வளவுதான், கிரீன் கார்டுக்கு அது படி இல்லை. பெரும்பாலும் 18 மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் பணம், கைரேகை, காத்திருப்பு. அதில் ஒரு தேதி இருக்கிறது. 1998 டிசம்பர் 30லிருந்து தொடர்ந்து அமெரிக்காவில் குடியிருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. புயலில் வீடு போய், கடன் வாங்கி, நடந்து, பிப்ரவரியில் வந்து சேர்ந்தவருக்குக் கிடையாது. யோசித்துப் பாருங்கள், புயலால் ஓடிவந்தவர்களில் அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? கிடைத்தவர்கள் கதையும் சுகமில்லை. இருபது வருஷம் இந்தப் பாதுகாப்பில் ஒழுங்காக வரி கட்டி வாழ்ந்தவர், ஆனால் முதல் வருகை முத்திரை இல்லாமல், அவர் உள்ளேயே இருந்து கிரீன் கார்டு கேட்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எல் சால்வடோரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வழக்கு அது. 2021 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். ஹோண்டுரஸ்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பை நிறுத்துவதாக 2018இல் அறிவித்தார்கள், அது வழக்கில் இழுத்தது, 2025 ஜூலையில் மறுபடி அறிவித்தார்கள். அப்போது அதில் இருந்தவர்கள் அரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கால் நூற்றாண்டு, வீட்டுக்கடன், பேரப்பிள்ளை எல்லாம் ஆன பிறகு.

அந்த டிசம்பர் 30ஐப் படித்தபோது எனக்கு 1950 ஆகஸ்ட் 10 ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் உத்தரவின் தேதி அது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்னாலேயே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் கங்காணி கூட்டிவந்த கூலிக்காரனிடம் என்ன ஆதாரம் இருக்கும்?

எங்கள் தாத்தா 1947இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். ஆச்சி அதை நாள் நட்சத்திரத்தோடு சொல்லுவாள், சுதந்திரம் கிடைத்த அந்த மழைக்காலத்தில் மலை ஏறினோம் என்று. ஆனால் அவர்கள் முதலில் வேலை பார்த்த எஸ்டேட் கைமாறி, பழைய செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது எஸ்டேட் பதிவில் அவர் பேர் 1952இல்தான் வருகிறது. 1993இல் ப்ரீ டிகிரி முடித்துவிட்டு நான் பாலிடெக்னிக் சீட்டுக்காகச் சான்றிதழ் கேட்டு அலைந்தபோது, ஆச்சி தகரப்பெட்டியைத் திறந்து கங்காணி கொடுத்த முன்பணச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். எட்டாக மடித்த பழுப்புக் காகிதம், வசம்பு வாசனை. பேர் இருந்தது, தொகை இருந்தது, கங்காணி கையெழுத்துக்கூட இருந்தது. மடிப்பு விழுந்து நைந்துபோன இடத்திலேயே வருஷம் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், ஒன்பதும் நாலும் இருப்பதுபோலத் தெரிந்தது, எனக்கு, ஆச்சிக்கு, அப்பாவுக்கு. ஆபீஸில் இருந்தவருக்குத் தெரியவில்லை. மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கேட்டால், நீ கேரளத்தில் பிறந்தவன், அங்கேயே வாங்கிக்கொள் என்றார்கள். அந்த வருஷம் பாலிடெக்னிக் இடம் கைவிட்டுப் போனது, அப்புறம் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். என் வகுப்பில் எனக்குப் பின்னால் மார்க் வாங்கியவன் இன்றைக்கு மின்வாரியத்தில் என்ஜினியர். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவனையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தி, இவனுக்குப் படிப்பில் அக்கறை என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம், 'கொலம்பியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தப்பு. கொலம்பியாவில் வீடுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருக்கிறார்கள், எஸ்த்ராத்தோ என்பார்கள், 1994இல் சட்டமாகவே ஆனது. தெரு, வீட்டின் தோற்றம் இதையெல்லாம் பார்த்துப் போட்ட எண். கரண்ட் பில்லிலேயே அச்சடித்து வரும், ஒன்றாம் எண்காரருக்குக் கட்டணத்தில் சலுகை, அஞ்சு ஆறு எண்காரர் கூடுதலாகக் கட்டி அதைத் தாங்குவார்கள். நல்ல ஏற்பாடுதான், நம் ரேஷன் கார்டில் மஞ்சள், ரோஸ், நீலம், வெள்ளை மாதிரி. ஆனால் அது பில்லோடு நிற்கவில்லை, நீ எத்தனாவது எஸ்த்ராத்தோ என்று ஆளை எடை போடுகிற வார்த்தையாகிவிட்டது. 1999இல் மயாமிக்குப் பறந்தவர்கள் பெரும்பாலும் மேல் எண்கள். 2021க்குப் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். கொலம்பியருக்கு மெக்ஸிகோ போக விசா வேண்டாம் என்பதால் மெக்ஸிகோவரை விமானம், அங்கிருந்து எல்லைக்கு. 2022 நிதியாண்டில் மட்டும் தெற்கு எல்லையில் கொலம்பியர் பதிவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இவர்கள் ரெண்டு மூணு எண் தெருக்களிலிருந்து வந்தவர்கள், குயின்ஸில் ஷெல்டரில் தங்கியவர்கள், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். பல் டாக்டரம்மாவும் இவர்களும் ஒரே பாஸ்போர்ட். சராசரி எடுத்தால் இவர்கள் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

குமுளியில் நாங்களும் அப்படித்தான். இங்கே 'தமிழர்' என்று சொன்னால் அதில் கம்பம், போடி, உத்தமபாளையத்துக் குடும்பங்களும் உண்டு. தாத்தா காலத்திலேயே வண்டன்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம் வாங்கியவர்கள், ஏலத்தில் உட்கார்ந்து காய் எடுக்கிறவர்கள். லயத்தில் பிறந்த நாங்களும் உண்டு. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் பதினஞ்சு பேர் நெருக்கி உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியோடு மலையேறி, சாயங்காலம் திரும்புகிற பெண்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு லாட் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது, ஊரே அதைப் பேசியது. அன்றைக்குக் காலை அந்த ஜீப்பில் வந்தவர்களின் கூலி அதற்காக ஏறிவிடவில்லை. இடுக்கித் தமிழர் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வெளியூர்க்காரர் சராசரி எடுத்தால், தோட்டக்காரரின் வருமானத்தில் ஜீப்புக்காரிக்கும் ஒரு பங்கு எழுதி வைத்துவிடுவார்.

ஊருக்கு அனுப்புகிற பணத்தையும் பார்க்க வேண்டும். 2023இல் ஹோண்டுரஸுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 900 கோடி டாலருக்கு மேல், கொலம்பியாவுக்கு சுமார் 1000 கோடி. கிட்டத்தட்ட சமம் மாதிரித் தெரிகிறது. ஆனால் கொலம்பியாவில் 5 கோடிக்கு மேல் ஜனம், ஹோண்டுரஸில் ஒரு கோடி. ஹோண்டுரஸின் மொத்தப் பொருளாதாரத்தில் அது கால்வாசி, கொலம்பியாவில் 3 சதவீதம்கூட இல்லை. அப்படியென்றால் அந்தக் கூரை மேல் இருந்தவர் தன் குடும்பத்தை மட்டும் தாங்கவில்லை, ஒரு நாட்டின் கடைத்தெருவையே தாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் ஹூஸ்டனில் சொந்த வீடு வாங்கவில்லை, பேங்கில் சேமிப்பு இல்லை என்று புள்ளிவிவரம் சொல்லும். அவர் சேமிப்பு ஹோண்டுரஸில் சோலோமா பக்கத்தில் அம்மாவின் மருந்தாகவும் தங்கச்சியின் ஸ்கூல் பீஸாகவும் இருக்கிறது. வளைகுடாப் பணத்தில் வீடு எழும்பிய ஊர்களைத் தினம் பார்க்கிற கேரளத்தில் இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

முன்னேற்றம் என்பதை நான் சம்பளத்தை வைத்து மட்டும் பார்ப்பதில்லை. அநியாயம் நடந்தால் வாய் திறக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். 2019 அக்டோபர் 12 அன்று நியூ ஆர்லியன்ஸில் கட்டிக்கொண்டிருந்த ஹார்ட் ராக் ஹோட்டல் சரிந்தது, மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். அதில் காயம்பட்ட ஒரு ஹோண்டுரஸ் தொழிலாளி, அந்தக் கட்டடத்தில் என்ன தப்பு நடந்தது என்று ஸ்பானிஷ் செய்தியாளர்களிடம் பேசினார். இரண்டு நாளில் எல்லைக் காவல் படையிடம் மாட்டினார், அடுத்த மாதம் நாடு கடத்திவிட்டார்கள். அந்த ஊரில் கத்ரீனா புயலுக்குப் பிறகு 2005இல் கூரை போட்டு, சேறு அள்ளி, ஊரை நிமிர்த்தியதில் ஹோண்டுரஸ்காரர் கை நிறைய. அப்படிப்பட்ட ஊரிலும், பேசினால் இதுதான் என்று மற்றவர் பார்த்துவிட்டார்கள். பேச முடியாதவனுக்குக் கூலி எப்படி ஏறும்?

2015 செப்டம்பரில் மூணாறில் எங்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததற்கு எதிராக, அன்றைக்கு நாள்கூலி 232 ரூபாய். யூனியன் தலைவர்கள் யாரையும் பக்கத்தில் விடாமல், பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாள். என் சித்தியும் அதில் இருந்தாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி டிவிக்காரர் மைக்கில் அவள் பேசியதை நான் இந்தக் கடையிலிருந்துதான் பார்த்தேன், கைகால் நடுங்கியது. 20 சதவீதம் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். அவர்கள் தைரியசாலிகள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பையில் வோட்டர் கார்டு இருந்தது. யாரும் அவர்களை ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட முடியாது. நியூ ஆர்லியன்ஸில் பேசியவருக்குத் தைரியம் குறைவில்லை, கார்டுதான் இல்லை.

இதையெல்லாம் சுருக்கமாக ஒரு ராத்திரி மருமகனுக்கு வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன், நாலு மெசேஜ் ஆனது. ரெண்டு நாள் பதிலே இல்லை. கோபித்துக்கொண்டானோ என்று நினைத்தேன். நேற்று கூப்பிட்டான். கூரை வேலை முடிகிற அன்றைக்கு அந்த மண்டி போட்டிருந்தவருக்கு ஜில்லென்று தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தானாம், தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் எப்போது வந்தீர்கள் என்று கேட்டானாம். "1999 மார்ச் மாமா. மிட்ச்ல வீடு போயிடுச்சாம். நீங்க சொன்ன அந்தத் தேதிக்கு ரெண்டு மாசத்துக்கு மேல பிந்திட்டாரு." கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம் சொன்னான், அவருக்கு அங்கேயே பிறந்த ஒரு மகள், நர்சிங் படிக்கிறாளாம், அடுத்த வருஷம் 21 ஆகிறதாம். அப்பாவுக்காக அவள் மனு போட்டால் கிடைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், 2000 டாலர் கேட்கிறார்களாம். "நீங்கதான் மனு விஷயமெல்லாம் பாக்குறீங்களே மாமா, இது சரியா?"

சரியில்லை என்றேன். முத்திரை இல்லாமல் வந்தவர் என்றால் மகள் மனு போட்டாலும் அவர் வெளியே போய்த்தான் வாங்க வேண்டும், போனால் அந்தப் பத்து வருஷத் தடை. அதைத் தளர்த்தக் கேட்கலாம், ஆனால் அதற்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவியோ பெற்றோரோ படுகிற கஷ்டத்தைக் காட்ட வேண்டும், பிள்ளையின் கஷ்டம் கணக்கில் வராது. பணம் கேட்டது யார் என்று விசாரி, 'நோட்டாரியோ' என்று போர்டு மாட்டியவரா என்று பார். லத்தீன் அமெரிக்க நாடுகளில் நோட்டாரியோ என்றால் சட்டம் படித்த பெரிய ஆள், அமெரிக்காவில் நோட்டரி என்றால் கையெழுத்துக்குச் சாட்சி போடுகிறவர், அந்த ஒரு வார்த்தையை வைத்தே நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். தப்பான மனு ஒன்று போய்விட்டால் அவர் விலாசத்தை அவரே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். லைசன்ஸ் உள்ள குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போ, இலவச ஆலோசனை கொடுக்கிற இடம் ஹூஸ்டனில் நிச்சயம் இருக்கும். 1999லிருந்து அவரிடம் இருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும், வாடகை ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் ஸ்கூல் கடிதம், எதையும் விடாமல் எடுத்துக்கொண்டு போகச் சொல். மடித்து வைக்க வேண்டாம், நேராக ஒரு பைலில் போட்டு வைக்கச் சொல் என்றேன்.

சனிக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன் மாமா என்றான்.